மருந்து ஜெயித்ததா, நோயாளி ஜெயித்தாரா?

பேப்பரில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘புது மருந்தை 50 பேருக்குக் கொடுத்தார்கள். 33 பேருக்குக் குணம். பழைய மருந்தை வேறு 50 பேருக்குக் கொடுத்தார்கள். 32 பேருக்குக் குணம்.’ படித்ததும் என்ன தோன்றும்? ‘ப்பூ, இவ்வளவுதானா! ஒரே ஒரு ஆள் வித்தியாசத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். புரட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த 50 பேரும் இந்த 50 பேரும், முதல் வேளை மருந்து தொண்டைக்குள் இறங்குவதற்கு முன்னால், எந்த நிலையில் இருந்தார்கள்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் செல்போனோடுதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். “ஐயா, இந்தக் கஷாயம் ஆராய்ச்சியில நிரூபணம் ஆயிடுச்சாமே, எழுதிக் கொடுங்க” என்பார் ஒருவர். “இங்கிலீஷ் மருந்து பிரயோஜனம் இல்லைன்னு ஆராய்ச்சியே சொல்லிடுச்சாம், அம்மாவுக்கு நிறுத்திடலாமா?” என்பார் இன்னொருவர். முதல் கேள்வியால் பணம் போகும். இரண்டாவது கேள்வியால் உயிரே போகலாம். ‘ஆராய்ச்சி சொல்லிவிட்டது’ என்கிற வார்த்தைக்குப் பின்னால் என்ன கணக்கு நடக்கிறது என்று குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் வராது.

சித்த மருத்துவம் படித்த எங்களுக்கு, ‘ஆரம்ப நிலை என்ன’ என்ற கேள்வி புதிதே அல்ல. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்துவிட்டுத்தான் மருந்துப் பெட்டியில் கை வைக்க வேண்டும் என்று கல்லூரியில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தார்கள். வந்தவருக்கு 30 வயதா, 70 வயதா? நோய் வந்து பத்து நாளா, பத்து வருஷமா? வாத தேகியா, பித்த தேகியா? ஒரே காமாலைதான், ஒருவருக்கு இரண்டு வாரத்தில் இறங்கிவிடுகிறது, இன்னொருவருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு நிற்கிறது. முதலாமவருக்கு மருந்து கொடுத்த வைத்தியர் கெட்டிக்காரர், இரண்டாமவருக்குக் கொடுத்தவர் அசடு என்று சொன்னால் நியாயமா? ஒரு ஆளைப் பார்க்கும்போது நமக்கு இது சுலபமாகப் புரிகிறது. நூறு ஆளை மொத்தமாகப் பார்க்கும்போதுதான் மறந்துபோகிறது.

குலுக்கிப் போட்டால் போதாதா?

விஷயம் தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவீர்கள். “ஐயா, அதுக்குத்தானே சீட்டுக் குலுக்கிப் போடறாங்க? யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்துன்னு டாக்டர் முடிவு பண்றதில்லையே?”

சரியான கேள்வி. டாக்டர் கையில் விட்டால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தையும், ‘இவர் தாங்கமாட்டார்’ என்று தோன்றுபவருக்குப் பழையதையும் கொடுத்துவிடுவார். கெட்ட எண்ணத்தால் அல்ல, இரக்கத்தால்! அப்புறம் புது மருந்து ஜெயிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் குலுக்கல்.

இந்தக் குலுக்கலை ஒழுங்காகச் செய்துகாட்டிய முதல் பெரிய பரீட்சை பிரிட்டனில் 1947-ல் தொடங்கியது. நோய், நுரையீரல் க்ஷயம். மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின். கிடைத்த மருந்தோ கொஞ்சம், எல்லாருக்கும் கொடுக்க வழியில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் அறிஞர், யாருக்கு எது என்பதைக் குருட்டு எண்களை வைத்து முடிவு செய்து, முடிவை ஒட்டிய கவருக்குள் போட்டுவிட்டார். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் கவரைப் பிரிக்க வேண்டும். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு வெறும் படுக்கை ஓய்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர். 1948-ல் வெளியான இந்தக் கட்டுரை வைத்திய உலகத்தையே திருப்பிப் போட்டது.

இந்த முடிவு எல்லாருக்கும் தெரியும். அதே கட்டுரையில் இருக்கும் ஒரு சின்ன அட்டவணையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சேர்ந்த அன்று யார் எப்படி இருந்தார்கள் என்று எழுதிவைத்த அட்டவணை அது. உடல்நிலை மோசம் என்று குறிக்கப்பட்டவர்கள் மருந்துப் பக்கத்தில் 30 பேர், ஓய்வுப் பக்கத்தில் 24 பேர். அதாவது குலுக்கிப் போட்டும் தராசு நேராக நிற்கவில்லை! மருந்துப் பக்கத்தில்தான் மோசமான நோயாளிகள் சற்றே அதிகம். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டும் மருந்து ஜெயித்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஆனால் எல்லா மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் அல்லவே.

தாயம் ஆடியவர்களுக்கு ஒன்று தெரியும். கட்டையில் எந்தக் கள்ளமும் இல்லாவிட்டாலும், ஒரே ஆளுக்குத் தொடர்ந்து மூன்று தாயம் விழும். ‘யாரும் தராசைத் தட்டவில்லை’ என்பதற்குத்தான் குலுக்கல் உத்தரவாதம் தரும். ‘தராசு நேராக நிற்கிறது’ என்பதற்குத் தராது. ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்தால் இரண்டு பக்கமும் அநேகமாகச் சமமாகிவிடும். நம் ஊர் ஆராய்ச்சிகளில் 30 பேர், 40 பேர் என்று சேர்க்கும்போது, ஐந்தாறு முற்றிய கேஸ் ஒரு பக்கம் போய் விழுந்தாலே கதை மாறிவிடும்.

இப்போ அந்த 33-க்கும் 32-க்கும் வருவோம்

இது நான் உங்களுக்காகப் போட்ட கற்பனைக் கணக்கு. எந்த நிஜ மருந்தும் இதில் இல்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

புது மருந்துப் பக்கம் 50 பேர். அதில் நோய் ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் 20 பேர், முற்றியவர்கள் 30 பேர். பழைய மருந்துப் பக்கம் இதற்கு நேர்மாறு: ஆரம்ப நிலை 30 பேர், முற்றியவர்கள் 20 பேர். குலுக்கலில் அப்படி விழுந்துவிட்டது. (இவ்வளவு பெரிய சாய்வு அபூர்வம்தான். உங்களுக்குப் புரிய வேண்டும் என்று கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருக்கிறேன்.)

ஆரம்ப நிலைக்காரர்களை மட்டும் தனியாக எடுங்கள். புது மருந்தில் 20 பேரில் 18 பேருக்குக் குணம், 90 சதவீதம். பழைய மருந்தில் 30 பேரில் 24 பேருக்குக் குணம், 80 சதவீதம். இப்போது முற்றியவர்கள். புது மருந்தில் 30 பேரில் 15 பேருக்குக் குணம், 50 சதவீதம். பழையதில் 20 பேரில் 8 பேர், 40 சதவீதம்.

பார்த்தீர்களா வேடிக்கையை? ஆரம்ப நிலையிலும் புது மருந்துதான் 10 சதவீதம் அதிகம். முற்றிய நிலையிலும் 10 சதவீதம் அதிகம். கூட்டிப் போட்டால் மட்டும் 33-க்கு 32, அதாவது 66 சதவீதத்துக்கு 64. அந்தப் பத்து எங்கே போனது? முற்றிய நோயாளிகள் அதிகமாக ஒரு பக்கம் சேர்ந்ததால் அது அமுங்கிப்போய்விட்டது.

இதைச் சரிக்கட்டுவது எப்படி? இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் ஆரம்ப நிலை 50 பேர், முற்றியவர் 50 பேர். இந்த நூறு பேருக்கும் புது மருந்தே கொடுத்திருந்தால் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கும்? 50-ல் 90 சதவீதம் 45 பேர், 50-ல் 50 சதவீதம் 25 பேர். ஆக 70. நூறு பேருக்கும் பழைய மருந்தே என்றால்? 40-ம் 20-ம், ஆக 60. 70-க்கு 60. இதுதான் சரிக்கட்டிய விடை. யாரும் எண்ணைத் திருத்தவில்லை, யாரையும் கணக்கிலிருந்து தள்ளவும் இல்லை. சமமாக நிற்காத தராசைச் சமப்படுத்தி நிறுத்தோம், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் வீட்டு நோயாளிக்கு நோய் முற்றியிருக்கிறது என்றால், 66, 64 என்ற மொத்த எண் உங்களுக்கு எதற்கு? ‘அவரைப் போன்றவர்களில் 100-க்கு 40 பேர் குணமான இடத்தில் 50 பேர் குணமானார்கள்’ என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. டாக்டரிடம் கேட்கும்போது, “இந்த மருந்து நல்லதா?” என்று கேட்காமல், “எங்க அப்பா நிலைமையில இருக்கறவங்களுக்கு இதனால எவ்வளவு பலன் கிடைச்சிருக்கு?” என்று கேளுங்கள்.

கற்பனை போதும், நிஜம் ஒன்று

பித்தநீரைக் கொண்டுபோகும் சின்னஞ்சிறு குழாய்கள் ஈரலுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகும் ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வரும். அரிப்பில் தொடங்கி, வருடக்கணக்கில் இழுத்து, ஈரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடும். இந்த நோய்க்கு அசாதியோபிரின் என்ற மருந்து பலன் தருமா என்று பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 248 பேரிடம் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. முடிவு 1985-ல் வெளியானது.

நேரடியாக ஒப்பிட்டபோது மருந்துப் பக்கத்தில் சாவு கொஞ்சம் குறைவுதான். ஆனால் அது வலுவான ஆதாரமாக இல்லை. மருந்தில் சாரமே இல்லாவிட்டாலும், குலுக்கலின் விளையாட்டால் மட்டுமே இப்படி ஒரு வித்தியாசம் தென்பட 100-க்கு 10 வாய்ப்பு இருந்தது. 10 என்பது வைத்திய ஆராய்ச்சியில் பாஸ் மார்க் இல்லை. வழக்கமாக 5-க்குக் கீழே வர வேண்டும்.

இப்போது ஆரம்ப நிலையைப் பார்த்தார்கள். இந்த நோயில் ஒருவர் எத்தனை நாள் இருப்பார் என்பதை வேறு எதையும்விட நன்றாகச் சொல்வது ரத்தத்தில் உள்ள பிலிருபின் அளவு. காமாலையில் கண்ணை மஞ்சளாக்குகிறதே, அதேதான். சேர்ந்த அன்று அந்த பிலிருபின் மருந்துப் பக்கத்தில் சற்றே அதிகமாக இருந்தது. பார்வைக்கு அற்ப வித்தியாசம்தான். ஆனால் பிலிருபின் ஆயுளைப் பலமாகப் பாதிப்பதால், அந்த அற்பமே கணக்கைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. பிலிருபின், வயது முதலியவற்றைச் சேர்த்துச் சரிக்கட்டியபோது, மருந்து பெற்றவர்களின் மரண அபாயம் மற்றவர்களுக்கு இருந்ததில் 59 சதவீதமாக இறங்கியது. குலுக்கலால் மட்டும் இப்படித் தெரியும் வாய்ப்பு 100-க்கு 10-லிருந்து 100-க்கு 1 ஆனது.

உடனே “அசாதியோபிரின் எங்கே கிடைக்கும்?” என்று எழுதிக் கேட்டுவிடாதீர்கள்! பிற்பாடு எல்லாப் பரீட்சைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், 2007-ல் வெளியான ஆய்வில், ஆயுள் நீடிப்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். இன்றைக்கு இந்த நோய்க்கு முதலில் கொடுக்கப்படுவது வேறு மருந்து, அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். சரிக்கட்டுவது ஒரு பரீட்சையை நேர்மையாகப் படிக்க உதவும். ஒரே ஒரு பரீட்சையை வேதவாக்கு ஆக்கிவிடாது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த யோசனை

சரிக்கட்டும் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல, வயலிலிருந்து. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர்தான் இதற்கு அப்பா. இந்தக் கணக்கை 1930-களில் தன் புத்தகத்தில் விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இலங்கைத் தேயிலை! ஈடன் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே 16 பாத்திகளில் எடுத்த மகசூல் கணக்கு. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் அநேகமாக நம் மலையகத் தமிழ்ப் பெண்களின் விரல்களாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் வராது.

தேயிலைச் செடி நெல் மாதிரி இல்லை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு பாத்தி எப்போதும் அள்ளிக் கொடுக்கும். பக்கத்துப் பாத்தி எப்போதும் கஞ்சத்தனம் பண்ணும். அப்படியிருக்க, இந்தப் பாத்திக்கு உரம் போட்டு, அந்தப் பாத்திக்குப் போடாமல் மகசூலை ஒப்பிட்டால், உரத்தின் வேலை எது, பாத்தியின் பிறவிக் குணம் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? உரம் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பாத்தியும் எவ்வளவு கொடுக்கிறது என்று எடை போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பழைய எடையை வைத்துப் புது எடையைச் சரிக்கட்ட வேண்டும்.

நோயாளிகளும் இந்தப் பாத்திகள் மாதிரிதான். சர்க்கரை நோய்க்கு ஒரு மருந்தைப் பார்க்கிறீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒருவருக்கு 150, இன்னொருவருக்கு 320. மருந்து செய்யும் வித்தியாசம் 20 என்றால், ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த 170 வித்தியாசத்துக்குள் அது எங்கோ காணாமல் போய்விடும். சந்தை இரைச்சலில் காதோடு சொன்ன ரகசியம் மாதிரி. ஒவ்வொருவரின் ஆரம்ப அளவையும் கணக்கில் சேர்த்தால் இரைச்சல் அடங்கும், ரகசியம் கேட்கும்.

எவ்வளவு அடங்கும்? அதற்கும் கணக்கு உண்டு. ஆரம்ப அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள ஒட்டுறவை 0 முதல் 1 வரையான எண்ணால் சொல்வார்கள். அது 0.7 என்றால், 0.7-ஐ 0.7-ஆல் பெருக்குங்கள்: 0.49. இரைச்சலில் 49 சதவீதம் போய்விடும். அதாவது சரிக்கட்டாமல் 200 பேரை வைத்துச் செய்யும் வேலையை, சரிக்கட்டினால் ஏறத்தாழ 102 பேரை வைத்தே செய்துவிடலாம். மீதி 98 பேர் தேவையில்லாமல் ஊசி குத்திக்கொள்ள வேண்டாம், ரத்தம் கொடுக்க வேண்டாம், பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். பணமும் ஆளும் கம்மியாக இருக்கும் எங்கள் சித்த மருத்துவத் துறைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

கவனியுங்கள், இந்த லாபம் இரண்டு பக்கமும் சமமாக நின்றாலும் கிடைக்கும். ‘சமமில்லை என்றால் மட்டும் சரிக்கட்டலாம்’ என்பது பலருக்கு இருக்கும் தப்பான எண்ணம். நிறைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில், ‘வயதில் வித்தியாசம் இருக்கிறதா என்று சோதித்தோம், இல்லை என்று தெரிந்தது, எனவே விட்டுவிட்டோம்’ என்று பெருமையாக எழுதுவார்கள். அந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. குலுக்கிப் போட்டபின் இருக்கும் வித்தியாசம் தற்செயலாக வந்ததுதான் என்று முன்பே தெரியுமே! அதை ஏன் தனியாகச் சோதித்துக்கொண்டு? அந்தக் குணம் நோயின் முடிவை எவ்வளவு பாதிக்கிறது என்பதுதான் கேள்வி. பலமாகப் பாதிக்கும் என்றால், வித்தியாசம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2015-லும், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023 மே மாதத்திலும் இதற்கென்றே வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டிருக்கின்றன. இரண்டும் அழுத்திச் சொல்வது, எதைச் சரிக்கட்டப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பதை.

ஏன் முன்கூட்டியே? முடிவைப் பார்த்தபின் உட்கார்ந்தால், வயதைச் சேர்த்துப் பார்ப்பார்கள், எடையைச் சேர்த்துப் பார்ப்பார்கள், இரண்டையும் சேர்த்து, ஒன்றை விட்டு... எந்தக் கூட்டணியில் மருந்து ஜெயிக்கிறதோ அதை மட்டும் அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் அம்பை எய்துவிட்டு, அப்புறம் அதைச் சுற்றி வட்டம் வரைகிற கதைதான்.

இதில் ஒரு நல்ல கேலி உண்டு. மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்குமா என்று 17,187 பேரிடம் செய்த பெரிய பரீட்சை 1988-ல் வெளியானது. காக்கும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. ‘வயது வாரியாகப் பிரி, வியாதி வாரியாகப் பிரி’ என்று எல்லாரும் கேட்பார்களே என்று, அந்த டாக்டர்கள் வேண்டுமென்றே நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்! மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் சாவு 9 சதவீதம் அதிகம்போலத் தெரிந்தது. மற்ற ராசிக்காரர்களுக்கு 28 சதவீதம் குறைவு. (அது வெள்ளைக்காரர்கள் பிறந்த தேதியை வைத்துப் பார்க்கும் ராசி, நம் ஜாதக ராசி அல்ல. நல்லவேளை, ஜோசியர்கள் அதைப் படிக்கவில்லை!) கூறு போட்டுக்கொண்டே போனால் எதையாவது ஒன்றைக் காட்டிவிடலாம் என்று உணர்த்தத்தான் அதைப் போட்டார்கள். மிதுன ராசி வாசகர்கள் தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பத்தியம் இருந்தவர் பிழைத்தார் என்றால்?

எங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒரு விஷயத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். “ஒழுங்காப் பத்தியம் இருந்து, வேளை தவறாம மருந்து சாப்பிட்டவங்க எல்லாருக்கும் குணமாயிடுச்சு. சாப்பிடாதவங்களுக்குத்தான் ஆகலை. அப்ப மருந்து நல்ல மருந்துதானே?” என்று கேட்காத வைத்தியர் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்து தப்பிய ஆண்களிடம் செய்த ஒரு பெரிய பரீட்சையில், கொழுப்பைக் குறைக்கும் க்ளோஃபிப்ரேட் என்ற மருந்தையும், வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 24.6 சதவீதம். ‘ஆஹா!’ என்று தோன்றுகிறதா? வெற்று மாத்திரைப் பக்கத்தைப் பாருங்கள். அந்த வெறும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 15.1 சதவீதம். ஒழுங்கில்லாதவர்களில் 28.2 சதவீதம்!

ஒன்றுமே இல்லாத மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிட்டதால் உயிர் பிழைத்தார்களா? இல்லை. வேளை தவறாமல் மாத்திரை போடுகிற ஆள் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரி ஆள். ‘அந்த வேறுபாட்டை ஆரம்ப நிலை விவரங்களால் சரிக்கட்டிவிடலாமே’ என்று 40 விவரங்களைச் சேர்த்துச் சரிக்கட்டினார்கள். அப்போதும் வெற்று மாத்திரைப் பக்கத்தில் 16.4 சதவீதத்துக்கு 25.8 சதவீதம்தான். வித்தியாசம் போகவே இல்லை. இது 1980-ல் வெளியானது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. குலுக்கல் பிரித்த இரண்டு பக்கத்தை ஒப்பிடும்போது சரிக்கட்டல் அருமையான துணை. குலுக்கலே இல்லாமல் தாமாகப் பிரிந்த கூட்டங்களை ஒப்பிடும்போது, 40 விவரம் சேர்த்தாலும் அது குலுக்கலின் இடத்தை நிரப்பாது. இன்னொன்று, சரிக்கட்ட எடுத்துக்கொள்ளும் விவரம் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பு எடுத்ததாக இருக்க வேண்டும். பத்தியம் இருந்தாரா, நடுவில் பசி எடுத்ததா, இரண்டாம் வாரம் தூக்கம் வந்ததா என்பதெல்லாம் மருந்து ஆரம்பித்த பிறகு நடந்தவை; மருந்தே அவற்றை மாற்றியிருக்கலாம். அவற்றை வைத்துச் சரிக்கட்டினால் மருந்தின் பலனையே துடைத்துப் போட்டுவிடும் அபாயம் உண்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு வழக்கம், ‘முன் – பின்’ கணக்கு. மூட்டுவலி முன்பு 8, பின்பு 4, ஆகவே மருந்து அற்புதம்! எங்கள் துறைக் கட்டுரைகளில் இது ஏராளம். யோசித்துப் பாருங்கள்: வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தானே வைத்தியரைத் தேடிப் போகிறோம்? உச்சத்தில் இருந்தது தானாகவே கொஞ்சம் இறங்கும். சும்மா இருந்தவர்களுக்கும் 8 என்பது 5 ஆகியிருக்கும். ஒப்பிட ஒரு பக்கம் இல்லாமல், ஆரம்ப அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பிறந்த நாள் முதல் சித்த மருந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எங்கள் மருந்துகளில் சரக்கு இருக்கிறது என்று நம்புகிறவன். நம்புகிறேன் என்பதற்காகவே, அவற்றுக்கு இந்தத் தளர்ந்த கணக்கு போதாது என்கிறேன்.

நம்மால் முடியாத வேலையும் இல்லை. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இருக்கிறதே, அதுதான், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலேயும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது. ஆனாலும் நோய் குணமானதில் வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அவர்களுக்குச் சமமாகவே வந்தார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்க வழி திறந்தது.

நம் நாட்டில் மருந்துப் பரீட்சைகளைப் பதிவு செய்ய 2007-லிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். சித்த மருத்துவப் பரீட்சைகளும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்த தடவை யாராவது, ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு லேகிய டப்பாவை நீட்டினால், வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேரைச் சேர்த்தார்கள், குலுக்கிப் பிரித்தார்களா, முதல் நாளே எதை முக்கிய அளவாக எழுதிவைத்தார்கள் என்று அதில் இருக்கும். அப்புறம் கட்டுரை கையில் கிடைத்தால் முடிவுக்கு ஓடாமல், முதல் அட்டவணையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்த நோயாளிகள் சேர்ந்த அன்று எப்படி இருந்தார்கள் என்பதும், உங்கள் வீட்டு நோயாளிக்கு அவர்களோடு ஏதாவது சாயல் இருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.